மொரிவாகி தொகுஜியின் மூன்றாவது சாவு

மொரிவாகி தொகுஜிக்கு வாய்த்தது செத்தவன் முகம். சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் குடியிருந்த உசுமசா வட்டாரத்தில் இதை அவரிடம் நேருக்கு நேராகவே சொல்வார்கள், அவரும் பல்லைக் காட்டுவார். நீண்ட தாடை, அடர்ந்து தொங்கும் புருவம், எதையோ சொல்ல வந்து வேண்டாமென்று விழுங்கிக்கொண்ட மாதிரி உதடு. நேரில் பார்த்தால் கலகலப்பான மனிதர். போட்டோவில் பார்த்தால், ஏகப்பட்ட சொத்தையும் ஒரு குடும்ப ரகசியத்தையும் விட்டுவிட்டுக் கண்ணை மூடிய பெரிய மனிதர்.

இந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர் துப்பறியும் படங்கள் எடுக்கிற ஊரில் குடியிருந்தார் பாருங்கள், அதுதான் அவர் மனைவி கினுயேவின் தலையெழுத்து.

கியோத்தோவின் மேற்கு மூலையில் ஸ்டுடியோவுக்கு இரண்டு சந்து தள்ளி அவர்களுடைய வெந்நீர்க் குளியல் கூடம். கினுயே விடியும்முன் எழுந்து தொட்டிகளைத் தேய்ப்பாள். தொகுஜி ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இருக்கும் உயர்ந்த ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து, குளிக்க வருகிறவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு கொலை நாவல் படிப்பார். அந்த வருஷங்களில் கொலை நாவல்களுக்கு அப்படி ஒரு மவுசு. பழைய நாவல்களையெல்லாம் தூசி தட்டி வரிசையாகப் படமாக எடுத்துத் தள்ளினார்கள். மலையடிவாரத்தில் பெரிய வீடு, மூன்று தலைமுறைப் பகை, நாலு கொலை, கடைசியில் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து முடிச்சை அவிழ்க்கும் துப்பறிவாளன். இதில் எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. கதை தொடங்குகிறபோது வீட்டின் பெரியவர் செத்திருக்க வேண்டும், அவருடைய போட்டோ பூஜை மாடத்தில் கறுப்பு ரிப்பனோடு இருக்க வேண்டும்.

ஸ்டுடியோவில் சாமான்கள் பார்த்துக்கொள்ளும் ஹமாஜி தினமும் சாயங்காலம் குளிக்க வருகிறவன். குளியல் கூட உரிமையாளர் சங்க விழாவில் குலச்சின்னம் வைத்த அங்கியோடு தொகுஜி எடுத்துக்கொண்ட போட்டோ சுவரில் மாட்டியிருந்தது. இடுப்பில் துண்டோடு நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்த ஹமாஜி, "அண்ணே, இது எனக்கு வேணும்" என்றான். தொகுஜி சட்டென்று கழற்றிக் கொடுத்துவிட்டார். மனைவியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் படத்தில் அவர் அரக்கு வியாபாரியாகச் செத்தார். இரண்டாவதில் சாக்கே என்கிற அரிசி மது வடிப்பவர், சாவு விஷத்தால். செத்தவராகக் காட்டுவதற்குச் சின்ன உறையில் பணம் வைத்துக் கொடுப்பது ஸ்டுடியோ வழக்கம், தோஷம் கழியுமாம். தொகுஜி அதை அன்றைக்கே குடித்துக் கழித்துவிடுவார். தோஷம் என்னவோ கினுயேவின் தலையில்தான் விடிந்தது. பக்கத்து ஊர் கமெயோக்காவிலிருந்து ஒரு தூரத்து உறவுக்காரர் படம் பார்த்துவிட்டு, நிஜமாகவே போய்விட்டார் என்று நினைத்து ஊதுவத்திப் பெட்டியோடு துக்கம் கேட்க வந்தார். வாசலில் காசு வாங்க உட்கார்ந்திருந்தவர் செத்தவரேதான். வந்த மனிதர் பயத்தில் பெண்கள் பக்கம் ஓடிப் புகுந்துவிட, அங்கே எழுந்த கூச்சலை அடக்கக் கினுயேவுக்கு நாக்குத் தள்ளிப்போயிற்று.

"இனிமே அந்தப் போட்டோவை யாருக்காவது குடுத்தீங்க, நானே உங்களுக்குக் கொள்ளி வைப்பேன்" என்றாள்.

"வை, வை. அதுக்கும் போட்டோ வேணும்ல?" என்றார் தொகுஜி.

இப்படிப்பட்ட மனிதருக்கு மே மாதத்தில் வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னார். நல்லதா கெட்டதா, திறந்து பார்த்தால்தான் தெரியும். அன்றிலிருந்து கினுயே ராத்திரி தூங்கவில்லை. அவள் அழுகிற ரகமும் இல்லை. பயம் வந்தால் கோபம் வரும், பாசம் வந்தாலும் கோபம்தான் வரும். கஞ்சி குடிக்கவில்லை என்று திட்டினாள், குடித்தால் சூடாகக் குடித்துவிட்டதற்குத் திட்டினாள். இந்த மனிதர் போய்விட்டால் நான் யாரைத் திட்டுவேன் என்றும் ஒரு நினைப்பு வந்தது. அதற்கும் சேர்த்து அவரையே திட்டினாள்.

ஆபரேஷன் அன்று காலை தள்ளுகட்டிலில் அவரைக் கொண்டுபோனார்கள். ஒரு பக்கம் கினுயே, மறுபக்கம் மகள் மசாயோ. கதவு வரைக்கும் வந்தபோது தொகுஜி மனைவியைக் கையசைத்துக் கூப்பிட்டார். கடைசி வார்த்தை ஏதாவது சொல்லப்போகிறாரோ என்று பயந்தாள். குனிந்தாள்.

"இன்னிக்கு ஸ்டுடியோல எனக்கு நாப்பத்தொம்பதாம் நாள் காரியம்" என்றார். "பிரமாதமான சீன். உயில் படிக்கிறாங்க. ஹமாஜிகிட்ட போட்டோ குடுத்திருக்கேன், உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

கதவு மூடிக்கொண்டது. கினுயே மூடிய கதவை முறைத்தாள். உள்ளே கத்தி வைக்கப்போகிறார்கள், அங்கே கறுப்பு ரிப்பன் கட்டப்போகிறார்கள், ஒரே நாளில்! இந்த மனுஷனுக்கு மூளை என்று ஒன்றைக் கடவுள் வைத்தாரா இல்லையா?

"மசாயோ, நீ இங்கயே இரு. நான் போய் உங்கப்பாவை இறக்கிட்டு வந்துடறேன்."

"எங்கேருந்து இறக்கப் போறே? அம்மா!"

"மாடத்துலேர்ந்து. ஏதாவதுன்னா ஸ்டுடியோவுக்கு போன் பண்ணு."

டிராம் அன்றைக்கென்று நின்று நின்று போனது. ஸ்டுடியோ காவல்காரன் குளியல் கூடத்து வாடிக்கை, அதனால் வாசலில் தடையில்லை. அரங்கத்துக்குள் நுழைந்தாள். பெரிய வீட்டுக் கூடம் போட்டிருந்தார்கள். கறுப்பு உடையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் வரிசையாக மண்டியிட்டிருந்தார்கள், நாலு பேரில் மூன்று பேர் அவளிடம் குளிக்க வருகிறவர்கள். நடுவில், பூவுக்கும் புகைக்கும் மேலே, ரிப்பன் கட்டிய தொகுஜி.

"அண்ணி!" ஹமாஜி ஓடிவந்தான். "நீங்க ஆஸ்பத்திரியில இல்ல இருக்கணும்?"

"இறக்கு."

"எதை?"

"என் புருஷனை! அங்க இப்ப ஆபரேஷன் நடக்குது!"

ஹமாஜியின் முகம் வெளுத்தது. "அண்ணி, பாதிப் படம் இந்த போட்டோவை வெச்சு எடுத்தாச்சு. இப்ப மாத்தினா செத்தவர் வேற ஆளாயிடுவாரு. இன்னிக்குத்தான் ஆபரேஷன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. அண்ணன் சொல்லவே இல்ல."

"போட்டோ விஷயத்தை என்கிட்டயே இன்னிக்குத்தான் சொன்னாரு, உன்கிட்ட எங்கே சொல்லப்போறாரு."

சத்தம் கேட்டு டைரக்டர் தொனோமுரா வந்தார். ஒல்லியான மனிதர், பல நாள் தூக்கமில்லாத கண். அவருக்கு அவருடைய எரிச்சல். நாவலை ஊரில் பாதிப் பேர் படித்திருந்தார்கள். போதாக்குறைக்கு, தியேட்டர் வாசலிலேயே அதை விற்கப்போவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. கொலைகாரன் யாரென்று தெரிந்த கூட்டத்துக்கு எந்த மர்மத்தைக் காட்டுவது? தயாரிப்பாளரிடம் கேட்டால், அதை யோசிக்கத்தானே உங்களுக்குச் சம்பளம் என்கிறார்.

கினுயே சொன்னதைக் கேட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, போட்டோ வர்றதுல இந்த ஒரு சீன்தான் பாக்கி. முடிஞ்சதும் போட்டோ, நெகட்டிவ், ரிப்பன் எல்லாம் நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா துக்கத்துக்கு வரவேண்டிய பொம்பளைங்கள்ல ஒருத்தி வரல. மூணாவது வரிசையில ஓட்டை விழுந்து நிக்குது. அவ வர்ற வரைக்கும் கேமராவை ஓட்ட முடியாது."

"அப்ப நான் உக்கார்றேன். சீக்கிரம் முடிங்க."

"நீங்களா?"

"கைகூப்ப மாட்டேன், குனிய மாட்டேன், ஊதுவத்தி தொடமாட்டேன். அழச் சொன்னீங்கன்னா எழுந்து போயிடுவேன். உசுரோட இருக்கற மனுஷனுக்கு நான் எதுக்கு அழணும்?"

கறுப்புக் கிமோனோவை அவள்மேல் போர்த்திக் கட்டினார்கள். மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். பக்கத்துத் தெருக் கோயில் குருக்களையே மந்திரம் சொல்ல அழைத்திருந்தார்கள். அவரும் தொகுஜியின் தொட்டியில் ஊறுகிறவர்தான். உயிரோடு இருப்பவருக்குச் சாவு மந்திரம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள் என்று தெரிந்ததும், கியோத்தோவிலிருந்து ஒசாக்கா வரைக்கும் ரயில் நிற்கும் ஊர்ப் பெயர்களை அதே ராகத்தில் உருப்போட ஆரம்பித்தார். கினுயேவுக்குப் பாதி நிம்மதி, பாதி எரிச்சல். தகாத்சுக்கியைத் தாண்டி எதிலோ தடுமாறி மறுபடி கியோத்தோவுக்கே வந்துவிடுவார்.

ஒரு தடவையில் முடியவில்லை. ஒரு தடவை விளக்கு, ஒரு தடவை புகை, ஒரு தடவை விதவையாக நடித்த நட்சத்திரத்தின் கழன்று விழுந்த ஒட்டு இமைமயிர். ஒவ்வொரு தடவையும் சுற்றியிருந்த பெண்கள் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். கினுயே மட்டும் முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்துக்கொண்டு, போட்டோவை முறைத்தாள். செத்துக் கித்துத் தொலைச்சீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு, என்பதுதான் அவள் மனதில் ஓடியது. வேறு எதையும் நினைக்க அவளுக்குத் தைரியமில்லை.

தொனோமுரா கேமராவுக்குப் பின்னாலிருந்து இதைக் கவனித்துவிட்டார். மற்ற பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கினுயேவின் முகத்தை மட்டும் கிட்டத்தில் வைத்து எடுக்க வேண்டும் என்றார்.

"இது என்ன புதுசா? முடிஞ்சதுன்னு சொன்னீங்களே!"

"இது கடைசிம்மா. சும்மா அவரைப் பாருங்க, போதும்."

பார்த்தாள். எடுத்தார்கள். கோணம் மாற்றி இன்னொரு தடவை எடுத்துக்கொண்டிருந்தபோது ஆபீஸ் பையன் மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தான். படப்பிடிப்பு நடக்கிறதே என்ற நினைப்பே இல்லாமல் கத்தினான்.

"மொரிவாகி அம்மா! உங்க பொண்ணு போன்ல சொன்னாங்க! ஆபரேஷன் முடிஞ்சுதாம், கெட்ட கட்டி இல்லையாம்! ஐயா கண் முழிச்சு, பாய்லரை யாரு பத்த வெக்கிறதுன்னு கேக்கறாராம்!"

கினுயே போட்டோவைப் பார்த்தபடியே இருந்தாள். உதடு கோணியது. பிறகு பாயில் அப்படியே கவிழ்ந்து, ஓவென்று வாய்விட்டு அழுதாள். மூக்கு ஒழுகியது, கொண்டை அவிழ்ந்தது. ஹமாஜி துண்டை நீட்டினான், அவள் வாங்கவில்லை. கேமராவை யாரும் நிறுத்தவில்லை. தொனோமுரா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். எல்லாம் அடங்கிய பிறகு, "அருமை" என்று மெதுவாகச் சொன்னார்.

கினுயே போட்டோவிலிருந்து ரிப்பனைப் பிய்த்து எறிந்தாள். போட்டோவைத் துணியில் சுற்றிக்கொண்டு டிராம் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். தொகுஜி குழாய்களுக்கு நடுவிலிருந்து பார்த்தார்.

"சீன் எப்படி வந்துது?" என்று கேட்டார்.

அவள் கண் அதற்குள் காய்ந்திருந்தது. "பேசாம படுங்க" என்று அதட்டினாள்.

தொகுஜி தேறி மறுபடி ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். அதற்குள் கதை ஊரைச் சுற்றி வந்துவிட்டது. முன்பே வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்கள் குளிக்க வந்த இடத்தில் சும்மா இருப்பார்களா? "நாங்கல்லாம் உங்களுக்காக அப்படி அழுதோம், உங்க வீட்டம்மா ஒரு சொட்டு விடணுமே! கல்லாட்டம் உக்காந்திருந்தாங்க."

"ஒரு சொட்டுகூட விடலையாமே?" என்று தொகுஜி மனைவியிடம் கேட்டார்.

"அவங்க போனப்புறம் அழுதேன். ஹமாஜியைக் கேளுங்க."

"ஹமாஜி படத்துக்கு பிளாஸ்டர்ல பொணம் செய்யறவன். அவன் பேச்சை நம்பச் சொல்றியா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் திரும்பத் திரும்பக் கேட்டார், கேட்கக் கேட்க அதில் விளையாட்டுக் குறைந்துகொண்டே வந்தது. ராத்திரி கடை மூடித் தொட்டி வெந்நீரைத் திறந்துவிட்டு இருவரும் தனியாக நிற்கும்போது, "ஆபரேஷன் அன்னிக்குக்கூட என்னைத் திட்டத்தானே செஞ்சே" என்றார். கினுயேவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணிய மனுஷனுக்கு அத்தாட்சி வேறு வேண்டியிருக்கிறது!

"படம் வரட்டும். உங்க கண்ணாலயே பாத்துக்கோங்க. மூக்கு ஒழுக அழுதிருக்கேன். டைரக்டரே அருமைன்னாரு."

குளிர்காலத்தில் படம் வந்தது. கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு இருவரும் ஷின்க்யோகொக்குக் கடைத்தெருத் தியேட்டருக்குப் போனார்கள். கினுயே நல்ல கிமோனோ கட்டியிருந்தாள். வாசலில் நாவலை அடுக்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்வரிசையில் ஒரு ஆள் அதை மடியில் வைத்துக்கொண்டு, யார் எப்போது சாவார்கள் என்று தன் மனைவிக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தான்.

நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் வந்தது. தொகுஜியின் முகம் திரை நிறைய வந்தது. மூன்றாவது வரிசையில் கினுயே. முறைப்பு. உயில் படிக்கிறார்கள், மறுபடி கினுயே, முறைப்பு. முதல் கொலை நடக்கிறது, எங்கிருந்தோ அதே முறைப்பு. கிணற்றில் பிணம் மிதக்கிறது, வெட்டி ஒட்டியதில் கினுயே கிணற்றையே முறைக்கிற மாதிரி இருந்தது. பெயர் கிடையாது, வசனம் கிடையாது, யார் என்றும் சொல்லவில்லை. தியேட்டர் முழுக்க முணுமுணுப்பு.

"யாருங்க அந்தப் பொம்பளை?" என்றாள் முன்வரிசை மனைவி.

"அதான் எனக்கும் புரியல. நாவல்ல இப்படி ஒருத்தியே கிடையாது." அவன் மடியிலிருந்த புத்தகத்தைப் புரட்டினான், இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. "முடிவை மாத்திட்டானுங்க! பெரியவரையும் கொன்னது இவதான். மூஞ்சியைப் பாரு, ஒரு சொட்டுக் கண்ணீர் இருக்கா? கட்டின புருஷனையே விஷம் வெச்சுக் கொல்ற மூஞ்சி."

கினுயே இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அழுகிற இடத்துக்காகக் காத்திருந்தாள். காரியக் காட்சி தாண்டிப் போயிற்று. இரண்டாவது கொலை, மூன்றாவது கொலை. துப்பறிவாளன் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைக்க ஆரம்பித்துவிட்டான். அழுகை வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்டி எறிந்துவிட்டார்கள். அழுகிற பெண்ணை யார் சந்தேகப்படுவார்கள்? முறைக்கிறவள்தானே அந்த டைரக்டருக்கு வேண்டியிருந்தது. அவள் விழுந்து புரண்டு அழுதது இப்போது ஏதோ குப்பைக்கூடையில் கிடக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தொகுஜி அவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது.

"இவதான், இவதான்" என்றான் முன்வரிசைக்காரன். "எழுதி வெச்சுக்கோ. பெரியவரைக் கொன்னவ இவதான்."

தொகுஜி முன்னால் சாய்ந்து அவன் தோளைத் தட்டினார்.

"இல்லைங்க. அவ கொல்லல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களும் நாவல் படிச்சீங்களா?"

"படிச்சேன். ஆனா அதுக்காகச் சொல்லல. செத்தவன் நான்தான்."

அவன் திரும்பினான். அதற்குச் சற்று முன்தான் திரையில் மாடத்துப் போட்டோ பெரிதாக வந்திருந்தது. அதே தாடை, அதே புருவம், அவன் முகத்துக்கு அரைமுழத் தூரத்தில். அவன் போட்ட அலறலில் மாடி வரிசை வரைக்கும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். அவன் மனைவி மடியிலிருந்த ஆரஞ்சுகளெல்லாம் கீழே உருண்டோடின. தொகுஜி எழுந்து நாலு பக்கமும் குனிந்து மன்னிப்புக் கேட்டார், பிறகு உட்கார்ந்தார்.

பக்கத்தில் கினுயே அழுதுகொண்டிருந்தாள். விசும்பல் இல்லை, கேவல். துப்பறிவாளன் கொலைகாரனின் பெயரைச் சொல்கிற நேரம் பார்த்துச் சத்தம் ஏறியது. சுற்றி உஸ் உஸ்ஸென்று அதட்டினார்கள்.

"என்ன இது, எல்லாரும் பாக்கறாங்க" என்று தொகுஜி பதறினார். "கட்டி எடுத்து ஏழு மாசமாச்சு, நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். இப்ப எதுக்கு அழறே?"

"அன்னிக்கு அழுததைத்தான் வெட்டிட்டானுங்களே!" என்றாள் கினுயே. மூக்கு ஒழுகியது, அவள் துடைக்கவில்லை. முகத்தை அவர் பக்கமாக நன்றாகத் திருப்பிக் காட்டினாள். "வேற எப்படி உங்களுக்குக் காட்டறது? பாருங்க. நல்லாப் பாத்துக்கோங்க!"

தொகுஜி பார்த்தார். திரையில் கொலைகாரன் மாட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, பனியில் விழுந்து செத்தான். அதை அவர் பார்க்கவில்லை.